ஸ்டுடியோ பதிவா, நேரடிக் கச்சேரியா: எதை எடுப்பது, எப்படிக் கேட்பது

மேற்கத்திய செவ்வியல் இசைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். பீத்தோவனின் ஐந்தாவது சிம்ஃபனியைக் கேட்கலாம் என்று தேடினால் நூற்றுக்கணக்கில் பதிவுகள் வந்து நிற்கும். சிலவற்றில் ‘லைவ்’ என்று போட்டிருக்கும், பலவற்றில் ஒன்றும் போட்டிருக்காது. எதை அழுத்துவது? விவரம் தெரிந்த யாரையாவது கேட்டால், ஒரு கட்சி நேரடிக் கச்சேரியில்தான் உயிர் இருக்கிறது, ஸ்டுடியோவில் எடுத்ததெல்லாம் பிளாஸ்டிக் பூ என்று சொல்லும். இன்னொரு கட்சி, ஊராரின் இருமலையும் தும்மலையும் காசு கொடுத்து ஏன் கேட்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கும். இரண்டு கட்சியிலும் நான் மும்முரமாக இருந்திருக்கிறேன். இப்போது எதிலும் இல்லை, ஏனென்றால் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று தோன்றிவிட்டது.

எந்தப் பதிவை எடுத்தாலும் நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வாசித்தவருக்கு நிறுத்திவிட்டு மறுபடி வாசிக்க வாய்ப்பு இருந்ததா? இருந்தது என்றால் அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? இல்லை என்றால், இல்லாததால் என்ன நடந்தது? இதைக் காதால் கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

லேபிளை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

ஆல்பத்தின் பின்னட்டையிலோ கூட வரும் சிறு புத்தகத்திலோ பதிவான இடமும் தேதியும் இருக்கும். செயலியில் கேட்கிறீர்கள் என்றால் தகவல் பகுதியில் தேடுங்கள், அங்கே இல்லாவிட்டால் வெளியிட்ட நிறுவனத்தின் பட்டியலில் பெரும்பாலும் கிடைக்கும். ஒரே ஒரு தேதியும் ஓர் அரங்கத்தின் பெயரும் இருந்தால் அது அநேகமாக ஒரே இரவின் கச்சேரி. ‘லைவ்’ என்று போட்டு அடுத்தடுத்து மூன்று நான்கு தேதிகள் இருந்தால், ஒரே நிகழ்ச்சியை மூன்று நான்கு இரவு வாசித்து, ஒவ்வோர் இரவிலும் நன்றாக வந்ததை எடுத்துத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பல நேரங்களில் அதோடும் விடுவதில்லை. ரசிகர்கள் கிளம்பிப் போன பிறகு ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்து, இருமல் விழுந்த இடத்தையும் ஹார்ன் பிசகிய இடத்தையும் மட்டும் திரும்ப வாசிக்கச் சொல்லி எடுப்பார்கள். பேட்ச் செஷன் என்பார்கள், ஒட்டுப்போடுவதற்கான தனி அமர்வு. இன்றைக்கு வருகிற ‘லைவ்’ ஆர்க்கெஸ்ட்ரா பதிவுகளில் நிறைய இந்த வகைதான். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை நாட்கணக்கில் ஸ்டுடியோவில் உட்காரவைக்கும் செலவு கட்டுப்படியாகாமல் போனதும், எப்படியும் நடக்கப்போகிற கச்சேரியைப் பதிவு செய்துவிடலாம் என்று பல ஆர்க்கெஸ்ட்ராக்கள் சொந்த லேபிள், அதாவது பதிவு வெளியிடும் நிறுவனம், தொடங்கின. 2000 வாக்கில் தொடங்கிய லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவின் லேபிள் இதில் முன்னோடி. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே ‘ஆஹா, ஒரே மூச்சில் வாசித்தது’ என்று உருக வேண்டாம்.

பழைய, புனிதமாகக் கருதப்படும் பதிவுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. 1951 ஜூலை 29 அன்று ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் ஃபுர்ட்வெங்லர் நடத்திய பீத்தோவனின் ஒன்பதாவது சிம்ஃபனியை அந்த இரவின் நேரடிப் பதிவு என்று நம்பித்தான் உலகமே பல பத்தாண்டுகள் கேட்டது. 2007இல் பவேரிய வானொலியின் நாடா தனியாக வெளியானபோது, அதுவரை கேட்ட இசைத்தட்டும் இந்த நாடாவும் ஒரே வாசிப்பு அல்ல, ஒன்றில் ஒத்திகைப் பகுதிகள் கலந்திருக்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. எது எந்த நேரத்தில் வாசித்தது என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

‘ஸ்டுடியோ’ என்ற சொல்லும் இதே மாதிரி ஏமாற்றும். நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய கண்ணாடி அறையை நினைத்துக்கொள்ளாதீர்கள். புகழ்பெற்ற ஸ்டுடியோ பதிவுகளில் பாதிக்கு மேல் காலி அரங்கங்களிலும் தேவாலயங்களிலும் எடுத்தவை என்றே சொல்லலாம். கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் பதிவு செய்த நியூயார்க் கொலம்பியா ஸ்டுடியோ ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்தது. லண்டனின் கிங்ஸ்வே ஹால் ஒரு கிறிஸ்தவ மிஷன் அரங்கமாக இருந்தது, கீழே பாதாள ரயில் ஓடியது, நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் சில பதிவுகளில் அந்த உறுமல் லேசாகக் கேட்கும். காலி அரங்கத்துக்கும் நிரம்பிய அரங்கத்துக்கும் காதில் தெரிகிற வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மனித உடம்பும் உடைகளும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். வியன்னாவின் முசிக்ஃபெரைன் அரங்கில் ஆளே இல்லாதபோது முழக்கம் அடங்கச் சுமார் 3 விநாடி ஆகும், ஆட்கள் நிரம்பினால் 2 விநாடி. ஆகவே ஒரு பெரிய கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) அடித்து நிறுத்திய பிறகு ஒலி வெகுநேரம் மிதந்துகொண்டே இருந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

அப்புறம் காலம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. காந்த நாடா 1940களின் கடைசியில் பரவலாக வருவதற்கு முன்பு, ஸ்டுடியோவில் வெட்டி ஒட்டவே முடியாது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிடம், கொஞ்சம் கூட இருக்கலாம். அந்த நாலு நிமிடத்தை ஒரே மூச்சில் வாசித்தாக வேண்டும். பிசகினால் முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும், அல்லது பிசகோடு விட்டுவிட வேண்டும். ஆர்டர் ஷ்னாபெல் 1932க்கும் 1935க்கும் இடையே பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் லண்டனில் பதிவு செய்தார், முழுத் தொகுப்பாக அதுதான் முதல். ஹாமர்கிளாவியர் சொனாட்டாவைக் கேட்டுப் பாருங்கள், தவறான ஸ்வரங்கள் கொட்டிக் கிடக்கும், பீத்தோவன் குறித்த அசுர வேகத்தை நோக்கிப் பாய்ந்து போய்ச் சறுக்கி எழுந்து ஓடுவார். அட்டைப்படி அது ஸ்டுடியோ பதிவு. ஆனால் நாலு இரவைத் தைத்து உருவாக்கிய இன்றைய ‘லைவ்’ பதிவைவிட அதில் ஆபத்து அதிகம். கஸால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாஹ்கின் செல்லோ சூட்டுகளும் இந்த வகைதான்.

நாடா வந்த பிறகு எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு கதை. 1952இல் கிங்ஸ்வே ஹாலில் ஃபுர்ட்வெங்லர் வாக்னரின் ‘டிரிஸ்டன்’ ஓபராவைப் பதிவு செய்தபோது நாயகி ஐசோல்டாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, உச்ச ஸ்தாயி ஸ்வரங்களைப் பாட அவருக்குத் தயக்கம். அந்த ஸ்வரங்களை மட்டும் இன்னொரு பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிக் கொடுத்தார். விஷயம் வெளியே கசிந்ததும் பெரிய ரகளை. எனக்கு என்னவோ அந்தப் பதிவு இன்றும் பிடிக்கும்.

காதைப் பழக்க ஒரு பயிற்சி

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரே ஒரு ஜோடியை உட்கார்ந்து கேட்பது மேல். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஜோடி டினு லிபாட்டி. ருமேனியப் பியானோ கலைஞர், புற்றுநோயால் 33 வயதில் போய்விட்டார். 1950 ஜூலையில், உடம்பு கொஞ்சம் தேறியிருந்த வாரங்களில், ஜெனிவாவில் ஒரு ஸ்டுடியோவில் பாஹ்கின் முதல் பார்ட்டிட்டா, மோட்ஸார்ட்டின் ஏ மைனர் சொனாட்டா, ஷோபேனின் 14 வால்ட்ஸ்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 16 அன்று, பிரான்ஸில் உள்ள பெசான்ஸோன் நகரத்தில், மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் மேடையேறி, கிட்டத்தட்ட அதே உருப்படிகளை வாசித்தார். வால்ட்ஸ்களில் 13 வாசித்து முடித்தார், பதினான்காவதுக்கு உடம்பில் தெம்பு இல்லை. டிசம்பரில் இறந்துவிட்டார். ஒரே கை, ஒரே உருப்படி, நடுவில் இரண்டே மாதம். ஒன்று ஸ்டுடியோ, ஒன்று மேடை. இப்படி ஒரு ஜோடி அபூர்வமாகத்தான் அமையும்.

முழுக் கச்சேரியையும் ஒரே நாளில் கேட்டு ஒப்பிடாதீர்கள், குழம்பிவிடும். பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான். முதலில் ஜெனிவாப் பதிவை இரண்டு முறை கேளுங்கள், எதையும் தேடாமல். பிறகு பெசான்ஸோன். வாசிப்புக்கு முன்னால் அவர் பியானோவில் சில கார்டுகளை மேலும் கீழுமாக உருட்டிப் பார்ப்பது கேட்கும். அந்தக் காலப் பியானோக்காரர்களின் பழக்கம் அது, கைக்கும் கருவிக்கும் அறிமுகம், ரசிகர்களுக்கும் காதைத் திருப்பச் சொல்லும் அழைப்பு. ஸ்டுடியோ பதிவில் அது கிடையாது, ஏனென்றால் அங்கே அழைக்க யாரும் இல்லை. பிறகு இதைக் கவனியுங்கள்: வாக்கியம் முடிகிற இடங்களில் எவ்வளவு மூச்சு விடுகிறார்? காலப்பிரமாணம் எங்கே முன்னே தள்ளுகிறது? எந்தப் பதிவில் இடது கை தெளிவாகப் பேசுகிறது? ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது. மறுநாள் வரிசையை மாற்றி, மேடைப் பதிவை முதலில் கேளுங்கள். முதல் நாள் எழுதியதில் பாதி மாறிப்போகும். எனக்கு மாறியது. முதல் நாள் ‘ஸ்டுடியோவில் நிதானம், மேடையில் அவசரம்’ என்று எழுதினேன், மறுநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் நான் அவசரம் என்று நினைத்த பல இடங்கள் அவசரமே இல்லை, அந்த மனிதர் சாகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம்.

அதனால் இந்தப் பயிற்சியை, பின்கதை எதுவும் தெரியாத ஒரு ஜோடியை வைத்தும் ஒரு முறை செய்யுங்கள். கதை காதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் இசையைத் தள்ளிவிடும். நேரடிப் பதிவுகளின் புகழில் ஒரு பங்கு கதையின் புகழ். ஆனாலும் சில கதைகளை விலக்கவும் மனம் வராது. 1938 ஜனவரி 16, வியன்னா, புரூனோ வால்டர் மாலரின் ஒன்பதாவது சிம்ஃபனியை நடத்துகிறார். 1912இல் அதன் அரங்கேற்றத்தை நடத்தியவரும் அவரே. இரண்டே மாதத்தில் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார்கள், யூதரான வால்டருக்கு அந்த நகரத்தில் இடமில்லை. அந்தப் பதிவு சுமார் 70 நிமிடம் ஓடும். அதே வால்டர் 1961இல் கலிஃபோர்னியாவில் ஸ்டுடியோவில் பதிவு செய்தது 80 நிமிடத்தைத் தாண்டும். வயதா, இடமா, கூட வாசித்த ஆர்க்கெஸ்ட்ராவா, ரசிகர்கள் இல்லாததா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியாது. கடைசிப் பகுதியை மட்டும் இரண்டிலும் கேட்டால் போதும்.

எதற்கு எது

ஒரு படைப்பை முதன்முறையாகக் கேட்கிறீர்கள் என்றால் ஸ்டுடியோ பதிவிலிருந்து தொடங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தக் கருவி எங்கே நுழைகிறது, எந்த ராகத்துண்டு திரும்பி வருகிறது என்பதெல்லாம் தெளிவாக விழும். நேரடிப் பதிவு அந்தப் படைப்பை ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் முழுதாகத் திறக்கும், ஏனென்றால் அதன் சுவையே ‘இங்கே இவர் இப்படிச் செய்துவிட்டாரே’ என்பதில் இருக்கிறது, வழக்கமாக எப்படிச் செய்வார்கள் என்று தெரியாதவருக்கு அந்த ஆச்சரியம் எங்கிருந்து வரும்?

ஃபியூக் மாதிரி இழைகள் பின்னிக்கொண்டு போகிற இசைக்கும் ஸ்டுடியோ பொருந்தும். க்ளென் கூல்ட் 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததோடு மேடையை விட்டே போய்விட்டார், அப்போது அவருக்கு 31 வயது. பிறகு 1982இல் இறக்கும்வரை மைக்கின் முன்னால் மட்டும்தான். பாஹ்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றைப் பல டேக், அதாவது பல முறை வாசித்துப் பதிவு, எடுத்துக் கேட்டபோது அவருக்கு இரண்டு பிடித்தன. ஒன்று கனமாக, சேர்த்து வாசித்தது. இன்னொன்று துள்ளலாக, வெட்டி வாசித்தது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அலுப்புத் தட்டியது. இரண்டையும் வெட்டி, முதலிலும் கடைசியிலும் கனமானதையும் நடுவில் துள்ளலானதையும் ஒட்டினார். தவறைத் திருத்துவதற்காகச் செய்த ஒட்டு அல்ல இது. வாசித்து முடித்த பிறகு எடுத்த ஒரு முடிவு, மேடையில் எடுக்கவே முடியாத முடிவு. ஸ்டுடியோவின் நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன். கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை அவர் 1955இலும் 1981இலும் அதே நியூயார்க் ஸ்டுடியோவில் பதிவு செய்தார், முதலாவது 38 நிமிடச் சொச்சம், இரண்டாவது 51. நடுவில் 1959இல் சால்ஸ்பர்க் மேடையில் வாசித்ததும் கிடைக்கிறது. மூன்றையும் கேட்டால், மேடையைத் திட்டித் தீர்த்த மனிதர் மேடையில் எவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறார் என்று கொஞ்சம் சிரிப்பு வரும். ஸ்டுடியோ என்றால் சுத்தம் என்று நினைப்பவர்களும் அவரைக் கேட்க வேண்டும், வாசித்துக்கொண்டே முனகுவார், எந்த எஞ்சினியராலும் அதை எடுக்க முடியவில்லை.

ஓபராவில் எனக்கு மேடைதான். பாடகர் நடந்துகொண்டே பாடும்போது குரல் இடம் மாறுவதும், பலகையில் கால் சத்தமும், ஒரு பெரிய பாட்டு முடிந்ததும் அரங்கம் வெடிப்பதும் அந்தக் கலையின் பகுதி. பாடகி மாரியா காலஸின் லா டிராவியாட்டா ஓபராவுக்கு 1953இல் எடுத்த ஸ்டுடியோ பதிவு இருக்கிறது, ஆனால் 1958 லிஸ்பன் மேடைப் பதிவைத்தான் ரசிகர்கள் தேடிப்போகிறார்கள். ஒலி சுமார்தான், நடுவில் வசனம் எடுத்துக்கொடுப்பவரின் குரல்கூடக் கேட்கும். ஐந்து நிமிடத்தில் அது மறந்துவிடும். எதிர் உதாரணமும் உண்டு. ஷோல்டி நடத்தி, ஜான் கல்ஷா தயாரித்து, 1958 முதல் 1965 வரை வியன்னாவின் சோஃபியன்ஸால் அரங்கில் எடுத்த, வாக்னரின் நாலு ஓபராக்கள் சேர்ந்த ‘ரிங்’ மேடையில் கேட்கவே முடியாத ஒரு நாடகத்தைக் காதுக்குள் கட்டுகிறது. வாக்னர் ஓரிடத்தில் கொல்லர் பட்டடைகள் 18 கேட்டிருந்தார், ஓபரா அரங்கங்கள் ஏதோ ஒப்பேற்றிவிடும், இவர்கள் உண்மையிலேயே 18 பட்டடைகளைக் கொண்டுவந்து அடித்தார்கள். அதோடு கார்ல் பூம் 1966, 1967இல் பைராய்ட் மேடையில் நடத்தியதை வைத்துப் பாருங்கள், இரண்டிலும் நாயகி புரூன்ஹில்டாவாகப் பாடியவர் பிர்கிட் நில்சன்தான். ஷோல்டியிடம் பிரம்மாண்டம், பூமிடம் ஓட்டம்.

பெரிய ரொமாண்டிக் பியானோ இசைக்கும் மேடை நல்லது, பொறுமை இருந்தால். ரிக்டர் 1958 பிப்ரவரியில் பல்கேரியாவின் சோஃபியா நகரில் வாசித்த முசோர்க்ஸ்கியின் ‘ஓவியக் கண்காட்சி’ பியானோ உலகத்தில் பெரிய பேர் பெற்ற பதிவு, அதே அளவுக்கு அதன் இருமலும் பேர் பெற்றது. குளிர்காலம், ஊருக்கே சளி பிடித்திருந்தது போல இருக்கும். முதல் முறை பாதியில் அணைத்துவிட்டேன். மூன்றாம் முறை, கடைசிப் பகுதிக்கு முன்னால் அரங்கத்தின் இருமல் தானாக அடங்கிப்போவதைக் கவனித்தேன். வாசிப்பு எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதை அளக்க இருமலே ஓர் அளவுகோல். சில படைப்புகளுக்கு ஒருவரின் ஸ்டுடியோ பதிவே கிடையாது என்பதும் உண்டு. மார்த்தா ஆர்ஹெரிச்சின் ரக்மானினோவ் மூன்றாவது கன்செர்ட்டோ என்றால் 1982 டிசம்பரில் பெர்லினில் நடந்த கச்சேரிதான். அங்கே தேர்வு என்ற பேச்சே இல்லை.

தவறான ஸ்வரம் விழுந்தால் என்ன? பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸ் 12 வருடம் மேடை ஏறாமல் இருந்துவிட்டு 1965 மே 9 அன்று கார்னகி ஹாலில் வாசித்தபோது, தொடங்கிய சில நொடிகளிலேயே ஒரு பிசகு. அப்போது வெளிவந்த இசைத்தட்டில் சில இடங்களைத் திருத்திவிட்டார்கள், திருத்தாத பதிவு 2003இல் வந்தது. இரண்டும் கேட்டேன். பிசகோடு இருப்பதைத்தான் வைத்துக்கொண்டேன், அந்தப் பிசகுக்குப் பிறகு அவர் தன்னை மீட்டுக்கொள்கிற விதம் திருத்தியதில் காணாமல் போகிறது. ஆனால் இது ஹொரோவிட்ஸ் என்பதால். சுமாரான வாசிப்பில் விழும் அபஸ்வரத்துக்கு ‘உயிரோட்டம்’ என்று பேர் வைக்கத் தேவையில்லை.

மெதுவான வாசிப்புகளில் ஒரு எச்சரிக்கை. நடத்துநர் செர்ஜியூ செலிபிடாக்கே தன் கச்சேரிகளைப் பதிவாக வெளியிட வாழ்நாளில் பெரும்பகுதி ஒத்துக்கொள்ளவே இல்லை. எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பதை அந்த அரங்கத்தின் ஒலிதான் தீர்மானிக்கும், மைக் அதைப் பிடிக்காது என்பது அவர் கட்சி. 1996இல் அவர் இறந்த பிறகு குடும்பத்தினர் அனுமதி கொடுத்து நிறைய வெளிவந்தன. முனிச்சில் அவர் நடத்திய ப்ரூக்னரின் எட்டாவது சிம்ஃபனி 100 நிமிடத்துக்கு மேல் ஓடும். வேலை செய்துகொண்டே கேட்டால் நகரவே நகராது, ‘எப்போது முடிப்பார்’ என்று இருக்கும். இரவில், விளக்கை அணைத்து, ஒலியைச் சற்றுக் கூட்டி, வேறெதுவும் செய்யாமல் கேட்டால் வேறு இசை. நேரடிப் பதிவைக் கேட்கும்போது நீங்களும் ஒரு கச்சேரிக்கு உட்கார்ந்திருப்பது போல உட்கார வேண்டியிருக்கிறது. ஸ்டுடியோ பதிவு இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்.

கேட்கும் ஏற்பாடு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவரும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ஒரு சிம்ஃபனியின் கிசுகிசுப்புக்கும் இடிமுழக்கத்துக்கும் உள்ள தூரம்தான் அதன் உயிர். பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் வசதியைப் போட்டுவிடுங்கள், பீத்தோவனின் ஐந்தாவதில் மூன்றாம் பகுதியிலிருந்து நாலாம் பகுதிக்கு நிறுத்தாமல் போக வேண்டும், அங்கே அரை நொடி மௌனம் விழுந்தாலும் அத்தனை நேரம் கட்டியது உடைந்துபோகும். ஒலியளவை அமைக்கும்போது மிக மெல்லிய இடம் ‘கேட்கும், ஆனால் காதைக் கொடுக்க வேண்டும்’ என்கிற அளவில் வையுங்கள், பிறகு தொடாதீர்கள். பழைய வானொலிப் பதிவுகளை ஹெட்ஃபோனில் கேட்காமல் ஸ்பீக்கரில் கேட்டால் இரைச்சல் அறையோடு கலந்து அடங்கிவிடும். அந்த இரைச்சலை ஒரேயடியாக வழித்தெடுத்த மறுவெளியீடுகள் வேண்டாம், இரைச்சலோடு வயலினின் மினுக்கமும் போயிருக்கும்.

பதிவில் கேட்டதை அரங்கில் கேட்கப்போகும்போது

இங்கேதான் ஏமாற்றம் அதிகம், எனக்கும் நடந்தது. ரக்மானினோவின் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோவை வருடக்கணக்கில் ஒரே ஸ்டுடியோ பதிவில் கேட்டு ஊறியிருந்தேன். முதன்முறை அரங்கில் கேட்டபோது, தொடக்க மணியோசைக் கார்டுகள் முடிந்து வயலின்கள் அந்தப் பெரிய மெலடியை எடுத்ததும் பியானோவைக் காணோம். கை ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு வரவில்லை. வாசித்தவர் மேல்தான் கோபம் வந்தது. உண்மையில் அந்த இடத்தில் பியானோ ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னணிதான் வாசிக்கிறது. பதிவில் பியானோவுக்குப் பக்கத்தில் தனி மைக் வைத்து முன்னால் இழுத்திருந்தார்கள், நான் அதையே இயற்கை என்று நம்பியிருந்தேன். ஆகவே போவதற்கு ஒரு வாரம் முன்பு வரை எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், கடைசி இரண்டு மூன்று நாள் அந்தப் படைப்பைத் தொடாதீர்கள். முடிந்தால் வேறு வேறு இரண்டு மூன்று பதிவுகளில் பழகியிருங்கள், எந்த ஒன்றும் ‘இதுதான் சரி’ என்று காதில் உறைந்துவிடாது. இடம் தேர்வு செய்ய முடியும் என்றால் முதல் வரிசை வேண்டாம், முன்னால் உள்ள வயலின்கள் மட்டும்தான் விழும், மரக்காற்றுக் கருவிகள் பின்னால் மறைந்துவிடும். நடுப்பகுதியோ பால்கனியின் முன் வரிசையோ போதும். முதல் ஐந்து நிமிடம் ஒலி சின்னதாகத் தோன்றும், பொறுங்கள், காது தானாக இறங்கிவந்து உட்காரும்.

நீங்களே வாசிப்பவர் என்றால்

உங்கள் வாசிப்பைப் பதிவு செய்வதற்கும் இதே கேள்விதான்: நிறுத்தலாமா, கூடாதா? போட்டிக்கோ சேர்க்கைக்கோ அனுப்புவது என்றால் பெரும்பாலும் ஒரு பகுதிக்குள் வெட்டு இருக்கக்கூடாது என்று விதி இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். வெட்டலாம் என்றாலும் துண்டு துண்டாக எடுக்கத் தொடங்காதீர்கள். முதலில் முழுதாக இரண்டு முறை, என்ன பிசகினாலும் நிறுத்தாமல் வாசியுங்கள், யாராவது ஒருவரை எதிரே உட்காரவைத்து வாசித்தால் இன்னும் உத்தமம். அதில் நன்றாக வந்ததை அடித்தளமாக வைத்துக்கொண்டு, உறுத்துகிற இடங்களை மட்டும், இரண்டு வரி முன்னாலிருந்து தொடங்கி இரண்டு வரி தாண்டி முடித்து, அதே வேகத்தில் எடுங்கள். பிசகிய அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் எடுத்தால் ஒட்டு பல்லிளிக்கும். மைக்கை நடுவில் நகர்த்த வேண்டாம், மின்விசிறியை அணைத்துவிடுங்கள். கடைசிக் கார்டை வாசித்ததும் கையைத் தூக்கிப் பெருமூச்சு விட்டு நாற்காலியைத் தள்ளாதீர்கள், ஒலி முழுக்க அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, பிறகு போய்ப் பதிவை நிறுத்துங்கள்.